சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை உறுப்புகளின் பாதையில் வைத்துப் படிக்கும் முறை

இரத்தம் சிறுநீரகத்துக்குள் நுழையும் இடம் தொடங்கிச் சிறுநீர் உடலைவிட்டு வெளியேறும் இடம்வரை உள்ள பாதையை ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டால், ஆய்வகம் தரும் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்தப் பாதையின் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்பது விளங்கிவிடும். புரதம் என்ற வரி ஓரிடத்தைப் பற்றியது. சர்க்கரை, நீரடர்த்தி, சீழ் செல்கள் ஆகியவை வெவ்வேறு இடங்களைப் பற்றியவை. அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சிட்ட எண்ணைக் கண்டு அஞ்சுவதும், எல்லாம் எல்லைக்குள் இருப்பதாக எண்ணி மடித்து வைப்பதும் இந்தப் பாதை தெரியாததால் நேர்கின்றன. மருத்துவரிடம் சரியான கேள்வியோடு சென்று அமர்வதற்கு இந்த வழிகாட்டி உதவும். நோய் இன்னதென்று முடிவுசெய்யும் பொறுப்பு அவருடையது.

முதலில் பாதையை அறிந்துகொள்ளுங்கள்

சிறுநீரகங்கள் இரண்டும் வயிற்றறையின் பின்சுவரில், முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மறைவில் அமைந்திருக்கின்றன. மேலே கல்லீரல் இடம் பிடித்திருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். வளர்ந்தவருக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும் சுமார் 150 கிராம் எடையும் கொண்டது. உடல் எடையில் இவ்வளவு சிறிய பங்கு வகிக்கும் இந்த உறுப்புகளின் வழியே, இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர், ஓடுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது ஒரு முனையில் வடிகட்டியும் அதைத் தொடர்ந்து நீளமான நுண்குழலும் கொண்ட அமைப்பு. வடிகட்டியாக இருப்பது குளோமருலஸ் என்ற இரத்த நுண்நாள முடிச்சு. அதைச் சூழ்ந்து நிற்பது பௌமானின் கிண்ணம். முடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைவிட அதை வெளியே கொண்டுசெல்லும் தமனி குறுகியது என்பதால் உள்ளே அழுத்தம் உயர்ந்திருக்கும். அந்த அழுத்தமே நீரையும், உப்புகளையும், யூரியாவையும், சர்க்கரையையும் கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. இரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் இங்கே தடுக்கப்படுகின்றன. துளைகள் கொண்ட நாளச்சுவர், அதன் அடிச்சவ்வு, வெளிப்புறம் விரல்களைக் கோத்ததுபோல் படிந்திருக்கும் போடோசைட் செல்கள் என மூன்று அடுக்குகள் சேர்ந்து அந்தத் தடையை உருவாக்குகின்றன. இந்த மூன்று அடுக்குகளை நினைவில் வையுங்கள். அறிக்கையின் மிக முக்கியமான வரி இவற்றைப் பற்றியதுதான்.

இவ்வாறு நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர், நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது. நாம் வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர் அளவே. மீதி அனைத்தையும் நுண்குழல்கள் மீட்டெடுத்து இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. குளோமருலசை அடுத்துள்ள அண்மைச் சுருண்ட நுண்குழல் நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கையும், சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் ஏறக்குறைய முழுமையாகவும் உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்து வரும் ஹென்லேயின் வளைவு சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில் இறங்கி ஏறும்போது, அங்கே உப்பின் செறிவை உயர்த்தி வைக்கிறது. கடைசியில் உள்ள சேகரிப்பு நாளம் அந்தச் செறிவான பகுதியின் ஊடே செல்லும்போது, மூளையின் பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனின் கட்டளைக்கேற்ப நீரை மீட்கவோ விட்டுவிடவோ செய்கிறது. வெயிலில் உழைத்தவரின் சிறுநீர் குறைந்து அடர்ந்திருப்பதற்கும், நிறைய நீர் பருகியவரின் சிறுநீர் நிறமற்றுப் போவதற்கும் காரணம் இந்தக் கடைசிக் கட்டம்.

உருவான சிறுநீர் சிறுநீரக இடுப்பு என்ற புனலில் சேர்ந்து, 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர் நாளத்தின் வழியே இறங்குகிறது. நாளத்தின் தசை அலையலையாகச் சுருங்கி அதைத் தள்ளுவதால் நாம் படுத்திருந்தாலும் ஓட்டம் நிற்பதில்லை. புனலிலிருந்து நாளம் தொடங்கும் இடம், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றும் இயல்பிலேயே குறுகலானவை. கல் பெரும்பாலும் இவற்றில்தான் சிக்கிக்கொள்கிறது. சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர்வரை தாங்கும். அதில் பாதியளவு நிறைவதற்கு முன்பே முதல் உணர்வு தோன்றிவிடும். வெளியேறும் வழியான சிறுநீர்ப் புறவழி பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே. ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர், அதுவும் புராஸ்டேட் சுரப்பியின் நடுவே செல்வது. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கும், வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர் தடைபடுவதற்கும் இந்த அமைப்பே முதற்காரணம்.

மாதிரியைச் சரியாக எடுங்கள்

தவறாக எடுத்த மாதிரி தவறான நோயைக் காட்டும். வேறு அறிவுரை தரப்படவில்லையெனில் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் சிறந்தது; இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தங்கிச் செறிவடைந்திருப்பதால் குறைந்த அளவில் உள்ள பொருள்களும் அதில் தென்படும். பிறப்புறுப்பை வெறும் நீரால் கழுவிக்கொண்டு, முதலில் வரும் சிறிதளவைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுப்பகுதியைக் கலத்தில் பிடிக்க வேண்டும். முதலில் வருவது புறவழியின் வாயிலில் உள்ள செல்களையும் கிருமிகளையும் அடித்துக்கொண்டு வருவதால் அது தேவையில்லை. மாதவிடாய் நாள்களில் அவசரமில்லாத பரிசோதனையைத் தள்ளிவைப்பது நல்லது.

எடுத்த மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, வரிசையில் காத்திருந்து, நண்பகலில் கொடுக்கும் மாதிரியில் செல்கள் சிதைந்திருக்கும், கிருமிகள் பெருகியிருக்கும். அத்தகைய மாதிரியைக் கொண்டு எழுதப்பட்ட அறிக்கையை நம்பி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொள்வது எனக்கு ஏற்புடையதன்று. ஆய்வகத்திலேயே கலத்தைப் பெற்று அங்கேயே கொடுப்பது எல்லாவற்றிலும் மேலானது.

24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொல்லியிருந்தால், தொடங்கும் நாளின் காலைச் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு துளியையும், மறுநாள் அதே நேரத்தில் வரும் சிறுநீர் உட்பட, கலத்தில் சேர்க்க வேண்டும். இடையில் ஒருமுறை மறந்து வெளியேற்றிவிட்டாலும் கணக்கு பிழையாகிவிடும். அதை மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லி மறுநாள் புதிதாகத் தொடங்குவதே சரி.

அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள்

முதலில் நிறம். வெளிர் மஞ்சள் இயல்பானது. கருமஞ்சள் பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறையைக் காட்டும். தேநீர் நிறமாக இருந்து கண்களும் மஞ்சளாகத் தோன்றினால் பித்தநிறமியை, அதாவது கல்லீரலை எண்ண வேண்டும். பீட்ரூட் உண்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து ஆரஞ்சு நிறமாக்கும். இவ்விரண்டும் இல்லாமல் சிவந்தால் இரத்தம் என்றே கொள்ள வேண்டும்.

நீரடர்த்தி, அதாவது ஒப்படர்த்தி, ஹென்லேயின் வளைவையும் சேகரிப்பு நாளத்தையும் பற்றிய வரி. 1.003 முதல் 1.030வரை இயல்பான வீச்சு. நீர் பருகாத காலை மாதிரியில் 1.020க்கு மேல் இருந்தால் செறிவூட்டும் திறன் நன்றாக உள்ளது எனலாம். எவ்வளவு பருகினாலும் பருகாவிட்டாலும் 1.010 என்ற எண்ணிலேயே அது நின்றுவிடுமாயின், நுண்குழல்கள் செறிவூட்டவும் நீர்க்கவும் இயலாத நிலைக்குச் சென்றுவிட்டன என்று பொருள். பலர் கண்ணெடுத்தும் பாராத வரி இது. மற்ற வரிகளுக்கும் இதுவே அளவுகோல். மிக நீர்த்த சிறுநீரில் ‘டிரேஸ்’ (மிகச் சிறிதளவு) எனக் காணப்படும் புரதம், மிக அடர்ந்த சிறுநீரில் காணப்படும் ‘டிரேஸ்’ அளவைவிடக் கவலைக்குரியது.

அடுத்து புரதம். மேலே சொன்ன மூன்றடுக்குத் தடையில் கசிவு ஏற்பட்டால் முதலில் வெளியேறுவது ஆல்புமின். சோதனைப் பட்டையில் ஒரு பிளஸ் என்பது ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றின்போது தற்காலிகமாக இது தோன்றி மறைவதுண்டு. ஆகவே ஒரே அறிக்கையைக் கொண்டு முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் இரண்டாவது முறையும் இருந்தால் அலட்சியம் கூடாது. சிறுநீர் கழித்தபின் நெடுநேரம் அடங்காத நுரை தொடர்ந்து காணப்படுவதும், காலையில் கண்ணிமைகள் வீங்குவதும் இதே கசிவின் வெளிப்பாடுகளாக இருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சோதனைப் பட்டையில் ‘நில்’, அதாவது புரதம் இல்லை என்று வந்தாலும் நீரிழிவு உள்ளவர் நிம்மதியடையக் கூடாது, ஏனெனில் தொடக்கநிலைக் கசிவு அந்தப் பட்டையின் உணர்திறனுக்குக் கீழே இருக்கும். அதைக் கண்டறிய ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற தனிப் பரிசோதனை உள்ளது (கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு). ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பது இயல்பு. 30 முதல் 300வரை கசிவு தொடங்கிவிட்டது. 300க்கு மேல் அது கடுமையாகிவிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ள வேண்டும். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டால் இரத்த அழுத்த மருந்துகளைத் தக்கபடி மாற்றிப் பல ஆண்டுகள் சிறுநீரகத்தைக் காக்க முடியும். கிரியாட்டினின் உயரும்வரை காத்திருந்தவருக்கு அந்த வாய்ப்பின் பெரும்பகுதி கைநழுவியிருக்கும். மாதந்தோறும் சர்க்கரை அளவைப் பார்ப்பவர்களில் பலர் இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டதே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

சர்க்கரை என்ற வரி அண்மைச் சுருண்ட நுண்குழலைப் பற்றியது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அந்தக் குழலின் மீட்கும் திறன் நிரம்பிவிடுவதால் எஞ்சியது சிறுநீரில் வழிகிறது. ஆனால் டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற நீரிழிவு மருந்துகளை உட்கொள்பவருக்கு, இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீரில் நான்கு பிளஸ்கூட வரும். சர்க்கரையை மீட்கும் வாயிலை அடைப்பதுதான் அம்மருந்துகளின் வேலை. உடல் சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன், பட்டினி இருந்தவருக்கும் கடுமையாக வாந்தியெடுத்த கர்ப்பிணிக்கும் வரலாம். நீரிழிவு உள்ளவர் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றோடு இருக்கும்போது கீட்டோன் காணப்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேற்சொன்ன மருந்துகளை எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை அதிகம் உயராமலேயே இந்த ஆபத்து நேரக்கூடும்.

சீழ் செல்கள் எனப்படுபவை வெள்ளை அணுக்களே. நுண்ணோக்கியின் ஒரு காட்சிப் புலத்தில் ஐந்துவரை இயல்பாகக் கருதப்படுகிறது. அதிகமாக இருந்தால் அதே அறிக்கையில் எபிதீலியல் செல்கள் என்ற வரியையும் பாருங்கள். அவையும் ஏராளமாக இருந்தால் மாதிரி தோலின் செல்களோடு கலந்துவிட்டது என்று ஐயுற்று மீண்டும் எடுக்க வேண்டும். நைட்ரைட் பாசிட்டிவ் என வந்தால் ஈ. கோலை போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகத் தங்கியுள்ளன எனலாம். நெகட்டிவ் என்பதால் தொற்று இல்லையென ஆகாது, ஏனெனில் சில கிருமிகள் நைட்ரைட்டை உருவாக்குவதில்லை. எரிச்சலோ, அடிக்கடி போகும் உணர்வோ, காய்ச்சலோ இல்லாதவரின் சிறுநீரில் கிருமி காணப்பட்டால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகள் இதற்கு முக்கியமான விலக்கு; அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

சிவப்பணுக்கள் பாதையின் எந்த இடத்திலிருந்தும் வரலாம் என்பதால், அவற்றோடு வேறு எவை காணப்படுகின்றன என்று பார்ப்பதே வழி. உருக்குலைந்த சிவப்பணுக்களும், சிவப்பணு வார்ப்புகளும், புரதமும் சேர்ந்திருந்தால் குளோமருலசில் அழற்சி இருக்கக்கூடும். வார்ப்பு என்பது நுண்குழலுக்குள் உறைந்து அக்குழலின் வடிவத்திலேயே வெளிவரும் உருளை. ஆகவே அதில் அணுக்கள் பதிந்திருந்தால் அவை சிறுநீரகத்துக்குள்ளேயே சேர்ந்தவை என்பது உறுதி. முதுகின் பக்கவாட்டில் தொடங்கித் தொடையிடுக்குவரை இறங்கும் கடும் வலியோடு வந்தால் பெரும்பாலும் கல். வலியே இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனால், அது ஒரே நாளில் தானாக நின்றுவிட்டாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை விடக் கூடாது. புகைபிடிப்பவர் இதில் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும். படிகங்கள் என்ற வரியில் கால்சியம் ஆக்சலேட் என்றிருப்பதை மட்டும் கொண்டு கல் இருப்பதாக எண்ண வேண்டாம். கல் இல்லாதவர்களுக்கும் அது வருவதுண்டு.

கிரியாட்டினினை வயதோடு சேர்த்துப் படியுங்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. குளோமருலஸ் அதை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைக் கொண்டு வடிகட்டும் வீதத்தைக் கணிக்கிறார்கள். தசை மிகுந்தவருக்கு அது இயல்பாகவே கூடுதலாகவும், மெலிந்த முதியவருக்குக் குறைவாகவும் இருக்கும். எனவே ஒரே எண் இருவருக்கு ஒரே பொருளைத் தராது. 1.1 என்ற கிரியாட்டினினை எடுத்துக்கொள்வோம். இப்போது பரவலாகப் பயன்படும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.–எபி சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், 25 வயது ஆணுக்கு வடிகட்டும் வீதம் ஏறத்தாழ 95 எனவும், 75 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 52 எனவும் கிடைக்கிறது. இளைஞருக்கு இயல்பான அதே எண், பாட்டியின் அறிக்கையில் ஆய்வக எல்லைக்குள் அமைதியாக அமர்ந்துகொண்டு குறைந்துபோன திறனை மறைத்துவிடுகிறது. ஆகவே அறிக்கையில் இந்த வடிகட்டும் வீதத்தைத் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வரி இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வீதம் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, அது நன்றாக இருந்தும் புரதக் கசிவு அவ்வளவு காலம் தொடர்ந்தாலோ நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்கிறார்கள். 30க்குக் கீழே சிறுநீரக மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு தேவை; 15க்குக் கீழே டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு தொடங்கும். வீதம் குறையும்போது இரத்தச்சோகை வருவதும், எலும்பு வலுவிழப்பதும் வியப்பன்று: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது, வைட்டமின் டி முழு ஆற்றல் பெறுவதும் அங்கேதான்.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைப் பற்றி இவ்விடத்தில் எச்சரிக்க வேண்டும். குளோமருலசுக்குள் இரத்தம் கொண்டுவரும் தமனியை விரித்து வைத்திருக்கும் புராஸ்டாகிளாண்டின்களை அவை தடுப்பதால், உள்ளே அழுத்தம் குறைந்து வடிகட்டுதல் சரிகிறது. வயிற்றுப்போக்கிலோ கோடை வெயிலிலோ உடல் வற்றியிருக்கும் நாளில் இம்மாத்திரை இரட்டிப்புத் தீங்கு செய்யும். வீதம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் எதைப் பார்ப்பது

சிறுநீரகத்தின் நீளம் 9 சென்டிமீட்டருக்குக் கீழே சுருங்கியிருந்தால் நோய் நெடுநாளையது எனக் கருத இடமுண்டு. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணிக்கும் மெடுல்லாவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக இருப்பதாக எழுதியிருந்தால் நல்லது. ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றிருந்தால் புனல் விரிந்திருக்கிறது, அதாவது கீழே எங்கோ தடை இருக்கக்கூடும் என்று பொருள். அது மேற்சொன்ன மூன்று குறுகலான இடங்களில் ஒன்றா, அல்லது புராஸ்டேட்டா என்று கேளுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறிவிடும். சிறுநீர் கழித்தபின் எஞ்சும் அளவு 50 மில்லிலிட்டருக்குள் இருந்தால் சிறுநீர்ப்பை நன்றாகவே காலியாகிறது எனலாம்.

எவரிடம், எப்போது செல்வது

புரதக் கசிவு, உயர்ந்த கிரியாட்டினின், வார்ப்புகள், வீக்கம் ஆகியவை நெஃப்ரான் சார்ந்தவை. இவற்றுக்குச் சிறுநீரக மருத்துவரான நெஃப்ராலஜிஸ்டிடம் செல்ல வேண்டும். கல், அடைப்பு, புராஸ்டேட், கண்ணுக்குத் தெரியும் இரத்தம் ஆகியவை புனலுக்குக் கீழே உள்ள குழாய்ப் பாதை சார்ந்தவை. இவற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் யூராலஜிஸ்ட் உரியவர். செல்லும்போது அண்மை அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், கடந்த ஆண்டுகளின் அறிக்கைகளையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எடுத்திருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கிரியாட்டினின் 0.8லிருந்து 1.2ஆக ஒரே ஆண்டில் ஏறியிருந்தால் இரண்டு எண்களும் எல்லைக்குள் இருந்தபோதிலும் அது ஒரு செய்தி. பழைய தாள் இல்லாமல் அதை எவராலும் காண முடியாது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் முதுகின் பக்கவாட்டு வலியும் சேர்ந்து வந்தாலோ, கல் இருப்பது தெரிந்தவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, நாள் முழுவதும் சிறுநீர் 400 மில்லிலிட்டருக்கும் குறைந்தாலோ, வயிறு கனத்து உணர்வு இருந்தும் ஒரு துளிகூட வெளியேறாவிட்டாலோ அறிக்கைக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடைபட்ட பாதையில் தொற்றும் சேர்ந்துவிட்டால் கிருமிகள் இரத்தத்தில் பரவச் சில மணி நேரமே போதும்.